சித்திரக் குள்ளர்கள் எழுவர்

கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சேற்றிய ஸ்னோ ஒயிட் கதையில் ஏழு குள்ளர்களுக்கும் பெயர் கிடையாது. முதலாமவன், இரண்டாமவன், மூன்றாமவன் என்று வரிசை எண் மட்டுமே உண்டு. ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொல்லியிருந்தாலும் கதை மாறாது. 1912இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்த நாடகம் அவர்களுக்குப் பெயர் சூட்டியது. பிளிக், ஃபிளிக், கிளிக், ஸ்னிக் என்று நீண்ட அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை ஓசையில் மட்டும் வேறுபட்டன. அந்த ஏழு பேரையும் ஏழு தனி ஆட்களாக்கிய வேலை 1934 முதல் 1937 வரை லாஸ் ஏஞ்சலஸின் ஹைப்பீரியன் அவென்யூவில் இருந்த வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் நடந்தது. அங்கே பென்சில் பிடித்தவர்களில் சிலர் முதுமையில் அந்த நாட்களைப் பேட்டிகளிலும் நூல்களிலும் நினைவுகூர்ந்தார்கள். அந்த நினைவுகளைச் சேர்த்துப் பார்த்தால், குள்ளர்கள் உருவான வரிசை தெரிகிறது: முதலில் பெயர், பிறகு உருவம், பிறகு குரல், கடைசியில் நடை. ஆளை ஆளிடமிருந்து பிரித்தது அந்தக் கடைசிப் படிதான்.

ஒரு மாலை

டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படமே ஒரு நினைவிலிருந்து பிறந்தது. 1917இல் கன்சாஸ் நகரின் கன்வென்ஷன் ஹாலில் பத்திரிகை போடும் பையன்களுக்காக ஸ்னோ ஒயிட் மௌனப்படத்தை இலவசமாகத் திரையிட்டார்கள். கூட்டம் பெரிது என்பதால் மண்டபத்தில் நான்கு திரைகள் கட்டியிருந்தார்கள். பதினைந்து வயதுப் பையனாக அங்கே போயிருந்த டிஸ்னிக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு திரைகள் தெரிந்தன. ஒரே காட்சியை ஒரு திரையில் பார்த்துவிட்டு அடுத்ததில் மறுபடி பார்க்க முடிந்ததாம். மனத்தில் பதிந்த முதல் படம் அதுவே என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, முக்கியமான ஓவியர்களுக்குச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து அனுப்பி, திரும்பி வந்ததும் அவர்களை ஸ்டூடியோவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காரவைத்தார் டிஸ்னி. விளக்கொளியில் தனி ஆளாக நின்று, ராணியாகவும் இளவரசியாகவும் ஒவ்வொரு குள்ளனாகவும் மாறி, முழுக் கதையையும் நடித்துக் காட்டினார். கொடுத்த காசு எவ்வளவு, நடிப்பு எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதில் நினைவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் எங்கே தடுமாறினாலும் அந்த ஒரு மாலை நடிப்பையே நினைத்துக்கொண்டு வரைந்ததாக அங்கிருந்தவர்கள் சொல்லிவைத்தார்கள். குள்ளர்கள் காகிதத்துக்கு வரும் முன்பே ஒரு மனிதரின் உடலில் அசைந்துவிட்டார்கள்.

மூன்று பன்றிகள் தந்த பாடம்

பல பாத்திரங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் வித்தையை ஸ்டூடியோ ஓராண்டுக்கு முன்புதான் கற்றிருந்தது. 1933 மே மாதம் வெளியான ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ குறும்படத்தில் மூன்று பன்றிகளும் ஏறக்குறைய ஒரே அச்சு. அதற்கு முன்பிருந்த கார்ட்டூன்களில் கெட்டவன் பெரிதாகவும் பயங்கரமாகவும் இருப்பான், நல்லவன் சிறிதாகவும் அழகாகவும் இருப்பான். உருவமே குணத்தைச் சொல்லிவிடும். இந்தப் பன்றிகளிடம் அந்த வசதி இல்லை. வைக்கோல் வீடு கட்டியவனும் குச்சி வீடு கட்டியவனும் துள்ளி ஆடுகிறார்கள். செங்கல் வைப்பவன் நிதானமாகக் கரண்டியால் பூசுகிறான். யார் எப்படிப்பட்டவன் என்பதை அசைவே சொன்னது. பன்றிகளை உயிர்ப்பித்தவர்களில் முதன்மையானவர் ஃபிரெட் மூர். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுக்குள். முறையான ஓவியப் பயிற்சி அதிகம் பெறாதவர். அவர் கோடு போட்டால் அதில் ஒரு வசீகரம் தானாக வந்துவிடும் என்று உடன் வேலை செய்தவர்கள் வியந்திருக்கிறார்கள்.

மூன்றில் சாதித்ததை ஏழில் சாதிப்பது எளிதல்ல. பன்றிகளுக்குக் கிடைத்தது ஏழெட்டு நிமிடம். குள்ளர்கள் 83 நிமிடப் படத்தைத் தாங்க வேண்டும். அதோடு பன்றிகள் வீடு கட்டும்போது தனித்தனியாக வேலை பார்த்தன. குள்ளர்களோ ஒரே வீட்டில், ஒரே மேசையில், பல நேரம் ஒரே சட்டகத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவர்கள்.

பெயர்

வேலை பெயரிலிருந்து தொடங்கியது. 1934இல் தயாரான முதல் கதைக் குறிப்புகளிலும் அடுத்துவந்த கூட்டங்களிலும் ஏறத்தாழ ஐம்பது பெயர்கள் அடிபட்டன. ஜம்ப்பி, டெஃபி, வீஸி, பால்டி, கேபி, டப்பி, ஷார்ட்டி, பர்ப்பி என்று போகும் அந்தப் பெயர்கள் தமிழில் பட்டப்பெயர் என்று சொல்லும் வகை. துள்ளுகிறவன், காது கேளாதவன், இரைப்புக்காரன், வழுக்கைத் தலையன், வாயாடி, குண்டன், குட்டையன், ஏப்பக்காரன்.

இந்தப் பட்டியலில் விழுந்தவற்றுக்கும் நின்றவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வழுக்கையும் குட்டையும் பார்த்ததும் முடிந்துவிடும் அடையாளங்கள். அவற்றை வைத்து ஒரு காட்சி நடிக்க முடியாது. நின்ற பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு நடத்தையைக் கொண்டிருந்தன. தலைவன் என்ற நினைப்பும் தடுமாறும் நாக்கும் கொண்ட டாக், சிடுமூஞ்சி கிரம்ப்பி, எப்போதும் சிரிக்கும் ஹேப்பி, தூங்குமூஞ்சி ஸ்லீப்பி, கூச்சத்தில் நெளியும் பேஷ்ஃபுல், தும்மலை அடக்கப் போராடும் ஸ்னீஸி, அசட்டுப் பிள்ளை டோப்பி. ஒரு விருந்தாளி வீட்டுக்குள் வந்தால் இந்த ஏழு பேரும் ஏழு விதமாக நடந்துகொள்வார்கள் என்பது பெயரிலேயே இருந்தது. ஸ்னோ ஒயிட் அந்த வீட்டுக்குள் வருவதுதான் கதையும்.

கடைசி இடத்துக்கு நெடுநாள் ஆள் கிடைக்கவில்லை. ஆரம்பக் குறிப்புகளில் அவன் வெறுமனே ‘ஏழாமவன்’ என்றே இருந்தான். மற்ற ஆறு பேரும் ஏதாவது ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டதால் இவனுக்கு மிச்சம் இல்லாமல் போயிற்று. படத்தில் பார்வையாளர்கள் அதிகம் கொஞ்சியது இவனைத்தான்.

உருவம்

குள்ளர்களின் முதல் தோற்றங்களை வரைந்தவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆல்பர்ட் ஹர்ட்டர். அவருக்கு அனிமேஷன் வேலை தரப்படவில்லை. மனத்தில் தோன்றியதையெல்லாம் வரைந்து குவிப்பதே அவர் பணி. குள்ளர்களின் வீடு, செதுக்கிய நாற்காலிகள், மரச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் அவருடைய தாள்களே வித்து. ஆரம்ப ஓவியங்களில் குள்ளர்கள் ஐரோப்பிய நாட்டார் கதைகளில் வரும் கிழட்டு பூதங்களைப் போல இருந்தார்கள். சுருங்கிய தோல், முறுக்கிய உடல். வேடிக்கையாக இருந்தாலும் அவர்களோடு ஒரு சிறுமி தங்குவாள் என்று நம்ப முடியாத முகங்கள்.

அந்த முகங்களை இளக்கியவர்கள் ஃபிரெட் மூரும் பில் டைட்லாவும். குள்ளர்களுக்கான மேற்பார்வை அனிமேட்டர்களாக இருவரும் பொறுப்பேற்றார்கள். மூர் உருண்டை வடிவங்களால் சிந்தித்தார். பாதி நிரம்பிய மாவுச் சாக்கை எடுத்து வைத்தால் அமுங்கும், தூக்கினால் நீளும். ஆனால் உள்ளே இருக்கும் மாவின் அளவு மாறாது. ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தந்த இந்தப் பயிற்சியை மூர் முகத்துக்குக் கொண்டுவந்தார். சிரித்தால் கன்னம் மேலேறிக் கண்ணை அமுக்கும், வாய் திறந்தால் முகம் முழுதும் நீளும். தாடியும் மூக்கும் நிரம்பிய குள்ள முகங்களில் அந்தச் சதை அசைவு உயிரைக் காட்டியது. அனிமேட்டர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய 14 கேள்விகளை மூர் ஒரு பட்டியலாக எழுதிவைத்திருந்தார். பாத்திரம் தன் குணத்தில் நிற்கிறதா, கருத்து எளிமையாகப் புலப்படுகிறதா என்று போகும் அந்தப் பட்டியல், செய்யவே கூடாத ஒன்றைச் செய்ய முயல்கிறாயா என்ற கேள்வியோடு முடியும்.

டைட்லா வேறு வார்ப்பு. உக்ரைனியப் பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, பாரிஸில் சிற்பம் பயின்று வந்தவர். பென்சிலை அழுத்திப் பிடித்துத் தாளைக் கிழிப்பதுபோல் வரைவார். மூருக்கு வசீகரம் எங்கே என்ற தேடல். டைட்லாவுக்கு இந்த ஆளின் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது என்ற தேடல். கிரம்ப்பி அவர் கையில் வளர்ந்தது அதனால்தான்.

இறுதி செய்த உருவங்கள் மாடல் ஷீட்டில் ஏறின. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று ஒவ்வொரு குள்ளனும் அதில் நிற்பான். ஏழு பேரும் வரிசையாக நிற்கும் தாளில் உயர வித்தியாசம் தெரியும். பல கைகள் வரைந்தாலும் ஒரே ஆளாகத் தெரிய இந்தத் தாளே சட்டம். டோப்பிக்கு மட்டும் தாடி கிடையாது. பெரிய காதுகள், கையை மறைக்கும் நீளச் சட்டை, தரையில் புரளும் அங்கி. வயதானவர்கள் கூட்டத்தில் ஒரு குழந்தை நிற்பதை உடையே சொல்லிவிடும்.

இவர்களைச் சரியாக வரைவதற்குத் தேவையான பயிற்சியை ஸ்டூடியோ முன்பே தொடங்கியிருந்தது. 1932 நவம்பரில் டான் கிரஹாம் என்ற ஓவிய ஆசிரியர் ஸ்டூடியோவுக்குள் இரவு வகுப்புகளைத் தொடங்கினார். ஆடையற்ற மாதிரிகளை வரைவது, விலங்குகளைக் கூர்ந்து பார்ப்பது, ஓடும் படத்தை பிரேம் பிரேமாக நிறுத்தி அசைவைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அங்கே பாடங்கள். 1935 டிசம்பரில் கிரஹாமுக்கு டிஸ்னி எழுதிய நீண்ட குறிப்பு, அனிமேட்டர் நிஜ அசைவை முதலில் அறிய வேண்டும், பிறகுதான் அதை மிகைப்படுத்த வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்துகிறது.

குரல்

அனிமேஷனில் குரல் முதலில், படம் பிறகு. வசனத்தைப் பதிவு செய்து, எந்த எழுத்து எத்தனையாவது பிரேமில் விழுகிறது என்று எண்ணித் தாளில் குறித்து அனிமேட்டரிடம் கொடுப்பார்கள். வினாடிக்கு 24 பிரேம். ஆகவே குரல் கொடுப்பவரின் பழக்கங்கள் பாத்திரத்தின் எலும்பாகிவிடும்.

ராய் அட்வெல் சொற்களைக் குழப்பிப் பேசிச் சிரிக்கவைக்கும் மேடைக் கலைஞர். டாக் வாக்கியத்தைத் தொடங்கித் தடுமாறி வேறெங்கோ போய் முடிவது அவருடைய வித்தை. பில்லி கில்பெர்ட் மேடையில் தும்மலுக்குப் பேர்போனவர். தும்மல் வருவதும் போவதுமாக நீண்டு கடைசியில் வெடிக்கும் அவருடைய நகைச்சுவை ஸ்னீஸிக்கு அப்படியே போயிற்று. பட்டியலில் இருந்த துள்ளுக்காரன் ஜம்ப்பிக்கும் செவிடன் டெஃபிக்கும் இடமில்லாமல் போய், தும்மல்காரன் உள்ளே வந்தான். டிஸ்னி கார்ட்டூன்களில் வரும் கூஃபிக்குக் குரல் கொடுத்த பின்ட்டோ கோல்விக் இங்கே சிடுமூஞ்சிக்கும் தூங்குமூஞ்சிக்கும் சேர்த்தே பேசினார். ஹேப்பிக்கு ஓட்டிஸ் ஹார்லன், பேஷ்ஃபுல்லுக்கு ஸ்காட்டி மாட்ரா.

டோப்பிக்குக் குரல் பொருந்தவில்லை. முடிவில் அவனை ஊமையாக்கவும் இல்லை. அவன் பேசிப் பார்த்ததே இல்லை என்று படத்தில் ஒரு காரணம் சொன்னார்கள். அவனை எப்படி அணுகுவது என்று அனிமேட்டர்கள் திணறியபோது, மனித உருவில் இருக்கும் ஒரு நாய்க்குட்டியாக நினைத்துப் பாருங்கள் என்ற திசையில் டிஸ்னி வழிகாட்டினார். காதை ஆட்டுவது, ஆவலோடு பின்னால் ஓடுவது, திட்டினால் தயங்கிப் பார்ப்பது எல்லாம் அங்கிருந்து வந்தன. எடி காலின்ஸ் என்ற நகைச்சுவை நடிகரை வரவழைத்து, டோப்பியாக நடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படச்சுருளை அப்படியே நகலெடுத்தால் சித்திரம் விறைத்துப்போகும் என்பதை ஸ்டூடியோ அறிந்திருந்தது. முகம் எந்த நொடியில் மாறுகிறது என்பதைப் படிக்க மட்டுமே அது பயன்பட்டது.

நடை

அனிமேட்டர் முதலில் முக்கியமான நிலைகளைப் பென்சிலால் வரைவார். இடைப்பட்ட தாள்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். மை ஏறும் முன் அந்தப் பென்சில் தாள்களைப் படம் பிடித்து ஓட்டிப் பார்ப்பது பென்சில் டெஸ்ட். ஓட்டிப் பார்த்த அறைக்கு ‘ஸ்வெட் பாக்ஸ்’, அதாவது வியர்வைப் பெட்டி, என்று பெயர். மாடிப்படிக்குக் கீழிருந்த காற்றில்லாத சிறு அறையிலிருந்து வந்த பெயர் அது. டிஸ்னி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வியர்ப்பதும் பெயரோடு சேர்ந்துகொண்டது.

ஃபிராங்க் தாமஸ் 1934இல் சேர்ந்த இளைஞர். குள்ளர்கள் வரிசையாகப் போகும் ஒரு காட்சியில், பின்தங்கிய டோப்பி மற்றவர்களின் தாளத்தைப் பிடிக்கச் சின்னதாக ஒரு துள்ளலடி வைப்பதாக அவர் வரைந்தார். டிஸ்னிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. டோப்பி நடக்கும் மற்றக் காட்சிகளிலும் அதைச் சேர்க்கச் சொன்னார். முடித்துவைத்த வேலையைத் திரும்பத் தொட வேண்டியிருந்த மற்ற அனிமேட்டர்கள் தாமஸிடம் சண்டைக்கே வந்தார்களாம். ஆனால் அந்த ஓரடியில் ஏழாமவன் முழுதாக இருந்தான்: எப்போதும் பின்தங்குபவன், எப்போதும் சேர்ந்துகொள்ளத் துடிப்பவன்.

குள்ளர்கள் சுரங்கத்திலிருந்து பாடிக்கொண்டே வீடு திரும்பும் அணிவகுப்பு அனிமேட்டர் ஷேமஸ் கல்ஹேனின் பொறுப்பு. திரையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் பகுதி தனக்கும் உதவியாளருக்கும் ஆறு மாதம் பிடித்ததை அவர் தம் தன்வரலாற்றில் சொல்கிறார். சமதரையில் நடந்தால் ஒரு நடைச்சுற்றை வரைந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இங்கே குள்ளர்கள் மேடேறிப் பள்ளமிறங்கித் தொலைவுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு அடியிலும் உருவம் சிறுக்க வேண்டும், ஏழு பேரும் தாளம் பிசகாமல் நடக்க வேண்டும், ஆனால் டாக் முன்னால் விறைப்பாகவும் டோப்பி கடைசியில் தட்டுத்தடுமாறியும் போக வேண்டும். எந்தத் தாளையும் மறுபடி பயன்படுத்த முடியவில்லை.

ஏழு பேர் நிற்கும் சட்டகத்தில் எல்லோரும் அசைந்தால் கண் யாரையும் பார்க்காது. ஒருவன் நடிக்கும்போது மற்றவர்கள் அடங்க வேண்டும். முற்றிலும் அசைவற்றுப் போனாலோ செத்த பொம்மைகளாகிவிடுவார்கள். அதனால் ஒரு காட்சியில் வரும் குள்ளர்கள் எல்லோரையும் பெரும்பாலும் ஒரே அனிமேட்டரே வரைந்தார். கதையின் பாரத்தையும் பகிர்ந்து வைத்தார்கள். டாக்குக்கும் கிரம்ப்பிக்கும் இடையிலான உரசல் கதையை நகர்த்தும். டோப்பி சிரிப்பைக் கொண்டுவருவான். மற்ற நால்வரும் சரியான நொடியில் ஒரு தும்மலோ கொட்டாவியோ தாடி முறுக்கலோ தந்து ஒதுங்குவார்கள்.

சிறு யோசனைகளுக்கும் விலை இருந்தது. படத்தில் சேரும் ஒவ்வொரு நகைச்சுவைத் துணுக்குக்கும் ஸ்டூடியோ 5 டாலர் கொடுத்தது. கட்டிலின் கால்மாட்டுப் பலகைக்கு மேல் குள்ளர்களின் மூக்குகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்க்கும் காட்சி அனிமேட்டர் வார்ட் கிம்பாலுக்கு அந்த 5 டாலரைப் பெற்றுத் தந்தது.

வெட்டியவை

அதே கிம்பாலுக்குத்தான் பெரிய இழப்பும் நேர்ந்தது. குள்ளர்கள் ஓசையோடு சூப் குடிப்பதும் ஸ்னோ ஒயிட் அவர்களுக்கு மேசைப் பழக்கம் சொல்லித்தருவதுமான காட்சியை அவர் மாதக்கணக்கில் வரைந்திருந்தார். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் ராணியின் சதியிலிருந்து கதை நெடுநேரம் விலகி நிற்பதாக டிஸ்னி கருதினார். காட்சி போயிற்று. குள்ளர்கள் அவளுக்காகக் கட்டில் செய்யும் காட்சியும் அதே காரணத்தால் போயிற்று. வேலையை விட்டுவிடும் எண்ணத்தோடு டிஸ்னியின் அறைக்குப் போன கிம்பால், அடுத்த படமான ‘பினோக்கியோ’வின் வெட்டுக்கிளிப் பாத்திரத்தைப் பெற்றுக்கொண்டு உற்சாகமாகத் திரும்பிய கதையைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சூப் காட்சியின் பென்சில் வடிவத்தை 1956இல் டிஸ்னியே தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டினார்.

கண்ணீர்

படத்துக்கு முதலில் போட்ட 2,50,000 டாலர் மதிப்பீடு கடைசியில் ஏறத்தாழ 15 லட்சம் டாலராக வளர்ந்தது. ஹாலிவுட்டில் இதை டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். கார்ட்டூனைப் பார்த்து ஏழு நிமிடம் சிரிப்பார்கள், கார்ட்டூனைப் பார்த்து யார் அழுவார்கள் என்பதே கேள்வி.

அதற்கான பதில் ஃபிராங்க் தாமஸிடம் வந்து சேர்ந்தது. ஸ்னோ ஒயிட் இறந்துவிட்டதாக நம்பி ஏழு பேரும் சுற்றி நிற்கும் காட்சி அது. சித்திரத்தை உயிரோடு வைப்பது அசைவு என்று கற்றுவந்தவர்கள் இங்கே அசைவைக் குறைக்க வேண்டியிருந்தது. அசைவு கூடினால் துக்கம் கேலியாகிவிடும். நின்றுபோனால் வெறும் ஓவியமாகிவிடும். தாமஸ் மெல்லிய அசைவுகளை மட்டும் வைத்தார். ஒரு துளி வழிகிறது, ஒரு தலை தாழ்கிறது, டோப்பி டாக்கின் மீது சாய்கிறான். அதுவரை அவளை ஏற்க மறுத்தவன், அவள் முத்தமிட்டபின் முகம் இளகியதை மறைக்கத் தெரியாமல் மரத்தில் மோதி ஓடையில் விழுந்தவன், கிரம்ப்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உடைகிறான். தும்மலும் கொட்டாவியும் இங்கே கிடையாது. பட்டப்பெயர்கள் உதிர்ந்தபின்னும் ஏழு பேரும் ஏழு பேராகவே நின்றார்கள்.

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் முதல் காட்சி. அந்த இடத்தில் அரங்கம் மூக்கைச் சிந்தியதை, அருகில் உட்கார்ந்திருந்த ஹாலிவுட் நட்சத்திரங்களான கிளார்க் கேபிளும் கரோல் லொம்பார்டும் கண்ணீர் விட்டதைச் சொல்லிக் கிம்பால் நினைவுகூர்ந்தார். 1938 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு வெளியான படம் முதல் சுற்றிலேயே சுமார் 80 லட்சம் டாலர் ஈட்டியது.

1939 பிப்ரவரியில் ஆஸ்கார் மேடையில், குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிள் டிஸ்னிக்குச் சிறப்பு விருதை வழங்கினாள். வழக்கமான அளவில் ஒரு சிலை, அதன் பக்கத்தில் படிப்படியாக இறங்கும் வரிசையில் ஏழு குட்டிச் சிலைகள். ஏழும் ஒரே அச்சில் வார்த்தவை.